ஆறுக்குள்ள நாலு அடக்கம்

மேல் வீட்டில் ஊசி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். என் கூரைதான் அவர்களுக்குத் தரை. நடுவில் இருப்பது பழைய பலகையும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். அதனால் அந்த வீட்டுச் சண்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயைத் தைத்துவிடுவேன். எனக்குத் தொழிலே தையல்தான்.

அவளை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் பேஸு என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல் விருந்துகளிலும் வாசிக்கிற ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். அது ஞாயிற்றுக்கிழமை வேலை. மீதி நாளில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இருப்பாள். ஈர விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்துச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் உருளை அவளுடைய இடது கைச் சுண்டுவிரலைக் கவ்விவிட்டது. விரல் பிழைத்தது, ஆனால் முழுசாக நீளாது. அந்தக் கையோடுதான் ஆறு மாசம் மறுபடி வாசிக்கப் பழகினாள். அந்த ஆறு மாசம் ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை வாசிப்பாள். என் மேஜை மேல் இருக்கும் பித்தான் டப்பா அந்த ஒரு மணி நேரமும் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அளவு கொடுக்க யாராவது வந்தால் மட்டும் அளவுகோலால் கூரையை இரண்டு தட்டு தட்டுவேன். நிறுத்திவிடுவாள். பதினாலு வருஷத்தில் எங்களுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை தடித்ததில்லை.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில்தான் அவளுக்குச் சனி பிடித்தது. குழுவுக்குப் புதிதாக ஒரு பாடகன் வந்தான். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அவனுக்காகப் பாட்டையெல்லாம் இரண்டு கட்டை இறக்கிவிட்டார்கள். மேடைச் சட்டைக்குத் தோள் பிடிக்க வந்தவள் என் எதிரில் கையை விரித்து நின்றுகொண்டே பொருமினாள்.

"நாலு கம்பியில எவ்வளவு கீழ போக முடியுமோ அவ்வளவுதான் அக்கா போக முடியும். அவன் அதுக்கும் கீழ போய் நின்னுக்கிட்டுப் பாடறான். நான் மாடியிலேர்ந்து பதில் சொல்ற மாதிரி இருக்கு."

"கம்பியக் கொஞ்சம் தளர்த்தி வாசியேன்."

"பண்ணிப் பாத்துட்டேன். நனைஞ்ச கொடிக்கயிறு மாதிரி தொங்குது. அஞ்சு கம்பி இருக்கற பேஸ் வேணும். கீழ ஒரு தடிக் கம்பி கூட இருக்கும், அது."

"வாங்கேன்."

"வாங்கணும். கீபோர்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? 'பேஸு, உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லும்மா, அதையும் நானே இடது கையில வாசிச்சுக்கறேன்'னாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. இன்னும் ஆறேழு வாரத்துல அஞ்சு கம்பியோட வரலன்னா அப்புறம் வராதேன்னு அர்த்தம்."

தோளில் நான் குத்தியிருந்த குண்டூசி அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது.

"வாரம் முழுக்க அடுத்தவங்க துணியப் பிழியறேன். ஞாயித்துக்கிழமை அந்த மூணு மணி நேரம்தான் நான் நானா இருக்கேன். அதையும் அவரோட இடது கைக்குக் குடுத்துடணுமாம்."

ஆறு வாரம் ஒவ்வொரு புதன்கிழமை லீவிலும் கடை கடையாக ஏறி இறங்கினாள். கையிருப்புக்கு ஏற்ற மாதிரிதான் தேட முடியும். விலை குறைந்த அஞ்சு கம்பிகளில் பெரிய வஞ்சகம் இருக்கிறது என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். மேல் நாலு கம்பியும் ஒழுங்காகப் பேசும். எந்தத் தடிக் கம்பிக்காக வாங்குகிறோமோ அது மட்டும் தொளதொளவென்று கிடக்கும். கழுத்து கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் அந்தக் கம்பி விறைத்து நிற்குமாம். அகலமாகவும் இருக்கக் கூடாது, அவள் சுண்டுவிரல் எட்டாது. நீளம் வேண்டும், அகலம் வேண்டாம், விலையும் ஏறக் கூடாது. மாப்பிள்ளை பார்ப்பதுகூட இதைவிடச் சுலபம் என்று நான் சொன்னேன். "மாப்பிள்ளைய வாசிச்சுப் பாத்து வாங்க முடியாதே" என்றாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில், பழைய சாமான் மூலையில். மண் நிறம், ஓரத்தில் பெயர்ந்த வண்ணம், இரண்டு திருகாணியில் துரு. அதன் தடிக் கம்பியைத் தட்டியதும் உள்ளங்கால் வரை இறங்கியது என்றாள். முன்பணம் கட்டி, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். நாற்பது வயசுக்காரி.

இனி அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடியில்லை, கை நீட்டியதில்லை. பம்ப் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே பேர். அதற்கென்று சொந்தமாக ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார். உள்ளே நீல வெல்வெட்டில் மைக்ரோமீட்டரும் வெர்னியரும் தூங்கும். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் தொடக் கூடாது. சூப்பர்வைசர் ஒரு நாள் இரவல் கேட்டபோதுகூட முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்ன மனுஷன்.

அவருடைய வியாதி வேறு. கேட்காமல் நல்லது செய்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஊரில் இல்லாத சமயம் என் வெட்டுக் கத்தரியை எடுத்துப்போய்ச் சாணை பிடித்துக்கொண்டுவந்தார். சவரக்கத்தி மாதிரி பளபளத்தது. பட்டுத் துணியை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. பட்டுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். "கூர் ஏத்திக் குடுத்திருக்கேன், இதுக்கும் முகத்தத் தூக்கினா எப்படி?" என்று அவர்தான் கோபித்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் என் கைக்குப் பழகின கத்தரி அது. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்குக் கட்டைவிரல் வலிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டையின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பேஸு வேலையிலிருந்து வந்து படியேறும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவள் மகள், பதிமூணு வயசு, ஓடிவந்து ஏதோ சொன்னாள்.

"என் கிட்டார் எங்க?"

"முதல்ல இதப் பாரு. கண்ண மூடு. சரி சரி, மூட வேணாம். பாரு!"

"என்ன இது?"

"ஆறு கம்பி! நீ அஞ்சுதானே கேட்ட? புது அஞ்சோட விலைக்கே ஆறு. புத்தம் புதுசு. உன் சீட்டை எடுத்துக்கிட்டு இன்னைக்கே போயிட்டேன். நீ பாத்து வெச்சிருந்தியே அந்தப் பழுப்பு, அதையும் காட்டினான். சீ, திருகாணியெல்லாம் துரு. பேரிச்சம்பழத்துக்குப் போடற சாமான். இத மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து எடுத்தேன். கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற ஒவ்வொரு ஃப்ரெட் தகடும் ஒரே உயரம். ஒரு இடத்துலகூடப் பிசகு இல்ல."

"என் கிட்டார் எங்கன்னு கேட்டேன்."

"கொஞ்சம் துண்டு விழுந்துது. அதைக் குடுத்து மாத்திக்கிட்டேன்."

"எதக் குடுத்து?"

"அந்த நாலு கம்பியத்தான். இனிமே அது எதுக்கு? ஆறுக்குள்ள நாலு அடக்கம்தானே?"

எனக்குக் காஜா ஊசி விரலில் ஏறிவிட்டது. அந்த நாலு கம்பி கிட்டார் கல்யாணத்துக்கு முன்னால், முதல் வேலையில் சேர்ந்து அவள் வாங்கியது. சுண்டுவிரல் போய் மறுபடி பழகியது அதில்தான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைப் போடும் சத்தம் கேட்டது. தடிக் கம்பியைத் தட்டினாள். டொர்ர்ர் என்று ஏதோ இற்றுப்போன தகரம் மாதிரி சத்தம் வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் டொர்ர்ர்.

"இதக் கடையில வாசிக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"எல்லா அளவும் சரியா இருக்கறப்ப சத்தம் எப்படித் தப்பா வரும்? உனக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான். நாலு நாள் வாசிச்சா கை படிஞ்சிடும்."

"என் கையப் பாருங்க. இந்த விரலப் பாருங்க. இவ்வளவு அகலக் கழுத்துல இது எங்க எட்டும்? நாலு வருஷமா இந்த விரலப் பாக்கறீங்க. இதுக்கு மட்டும் அளவுகோல் இல்லையா உங்ககிட்ட?"

"நல்லது செஞ்சாலும் திட்டு வாங்கறது என் தலையெழுத்து" என்று அவர் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. "மனுஷன் மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்திருக்கேன். முட்டையாவது பொரிச்சு வெச்சிருக்கியா?"

"நீங்களே அளந்து பொரிச்சுக்கங்க" என்றாள் பேஸு.

மகள் பாவம், "நான் சொன்னேம்மா, அம்மாவக் கேட்டுட்டுப் போப்பான்னு சொன்னேன், சர்ப்ரைஸ்னு சொன்னாரும்மா" என்று அழுதுகொண்டே சொன்னது கேட்டது. அளவுகோலை எடுத்துக் கூரையைத் தட்டலாமா என்று பார்த்தேன். எதை நிறுத்தச் சொல்லித் தட்டுவது?

மறுநாள் காலையில் ஃபிட்டர் எழுந்திருக்கும் முன்பே என் கதவைத் தட்டினாள். தோளில் ஆறு கம்பி, கையில் பெரிய துணிப்பை. கண் சிவந்திருந்தது.

"அக்கா, இன்னைக்கு லீவு சொல்லிட்டேன். கடைக்கு வரீங்களா? தனியாப் போனா அவன் கழுத்தப் பிடிச்சிடுவேன்னு பயமா இருக்கு."

"கடைக்காரன் கழுத்தையா, உன் வீட்டுக்காரர் கழுத்தையா?"

"யாரு முதல்ல கிடைக்கறாங்களோ" என்றாள். நான் கதவைப் பூட்டிவிட்டுக் குடையை எடுத்தேன்.

கடைக்காரன் மெழுகு பூசின தலைமுடியும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தான். பேஸுவைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. நேற்று அவன் செய்த காரியம் அவனுக்கே தெரியும். இரண்டு வருஷமாக விற்காமல் தொங்கின ஆறு கம்பியை, வாசிக்கத் தெரியாத ஒரு ஆளைப் பார்த்ததும் தள்ளிவிட்டிருக்கிறான். அவள் பேரில் முன்பணம் போட்ட சீட்டு அவன் கையிலேயே இருக்கும்போது.

"நான் எதுக்கு முன்பணம் கட்டினேன்?" என்றாள்.

"சார் வந்து வேணாம்னுட்டாரேம்மா. நல்லா அளந்து பாத்துத்தான் எடுத்தாரு. இவ்வளவு விவரமான கஸ்டமர நான் பாத்ததே இல்ல."

"வாசிக்கறது சாரா, நானா?"

"அதெல்லாம் உங்க வீட்டு விஷயம். பில்லுல போட்டிருக்கு பாருங்க, வித்த பொருள் திரும்ப எடுக்கறதில்ல. வேணும்னா சாரக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். பேஸு என் கையை அழுத்தினாள். அவள் வாசல் பக்கம் போனாள். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு ஆம்ப் வைத்திருந்தார்கள், தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவதற்காக. அதில் கேபிளைச் செருகினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தத்தை முழுசாக ஏற்றினாள். தடிக் கம்பியைத் தட்டினாள்.

டொர்ர்ர்.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. பிள்ளைக்கு கிட்டார் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவள் அதையே மறுபடி தட்டினாள். அவசரமே இல்லை. நிதானமாக, தாளம் பிசகாமல், சலவைக்கூடத்தில் விரிப்பை உள்ளே தள்ளுகிற மாதிரி ஒன்று முடிந்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் அந்தப் புத்தம் புதுக் கம்பி தகரம் போல இரைந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"வாங்கின பொருள வாசிச்சுப் பாக்கறேன். உங்க சரக்கு எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்கட்டும்."

"இது புதுசா?" என்று பிள்ளையோடு வந்த அப்பா கேட்டார்.

"புத்தம் புதுசு சார். நேத்து இந்தக் கடையிலதான் வாங்கினது" என்று நான் உதவி செய்தேன். அவ்வளவு கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைக்கப்போவதில்லை.

கால் மணி நேரம் வாசித்தாள். அந்தக் குடும்பம் பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. வாசலில் மழைக்கு ஒதுங்கினவர்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டு நனைந்தபடி நடந்தார்கள். கடைக்காரன் ஓடிவந்து கேபிளைப் பிடுங்கினான்.

"சரிம்மா, சரி! இத வெச்சுட்டு அந்தப் பழுப்ப எடுத்துட்டுக் கிளம்புங்க. தொழில் நடத்த விடுங்க."

"என் நாலு கம்பி?"

அது அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. நேற்றே விலைச் சீட்டுக் கட்டிவிட்டான். அவள் தோளில் மாட்டிக்கொள்ளும் பழைய பட்டையை மட்டும் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தான்.

"அது முடியாது. புதுசு ஒரே நாள்ல பழசாயிடுச்சு, அந்த நஷ்டத்துக்கு இது சரியாப் போச்சு. வேணும்னா பணம் கட்டி எடுத்துக்கங்க. இல்ல, மாத்திக்கற மாதிரி வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

அவள் துணிப்பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஃபிட்டரின் மரப்பெட்டி.

அவள் மேஜை மேல் வைத்துத் திறந்தாள். நீல வெல்வெட்டில் அந்த இரும்புச் சாமான்கள் எண்ணெய் பூசி மினுமினுத்தன. கடைக்காரன் கண் விரிந்தது. அவனுக்கு அதன் விலை தெரிந்திருந்தது.

"இதக் குடுத்துட்டு அந்த நாலு கம்பியையும் எடுத்துட்டுப் போங்க" என்று உடனே கொக்கியில் கை வைத்தான்.

"குடுத்துடு" என்று அவள் காதில் சொன்னேன். "அவருக்கும் வலிக்கட்டும். குடுத்துடு." என் கத்தரியையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவள் மைக்ரோமீட்டரின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிட்டரின் கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. அவள் கை மூடி மேலேயே இருந்தது. பிறகு மூடினாள். பெட்டியைப் பைக்குள் வைத்தாள். பழுப்பு கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் பட்டையக் குடுங்க. அது கணக்குல இல்ல" என்றாள். கொடுத்தான்.

வெளியே வந்த பிறகுதான் அழுதாள். பேருந்து நிலைய டீக்கடையில் இரண்டு டீயும் ரொட்டியும் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர வாயில் வைக்கவில்லை. "ஏன்டி குடுக்கல?" என்று கேட்டேன். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகக் குழுவின் ஒத்திகைக்குப் போனோம். கீபோர்டுக்காரர் பழுப்பு கிட்டாரைப் பார்த்து, "எந்தக் குப்பையில பொறுக்கின?" என்று கேட்டார். அவள் சுருதி சேர்த்தாள். பாடகன் அடிக்குரலில் ஆரம்பித்தான். அவன் இறங்க இறங்க இவளும் இறங்கினாள். கடைசியில் அவன் நின்ற இடத்துக்கும் கீழே போய் அவனைத் தாங்கிக்கொண்டு நின்றாள். என் நாற்காலிக் கால் அதிர்ந்தது. பாடகன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். கீபோர்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டி வரும், பேஸு. லேட் பண்ணாத" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய பெண். வழி முழுக்க முகம் இறுகியே இருந்தது.

வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே மேலே ரகளை கேட்டது. சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. பெட்டியைத் தேடித் தேடி வேலைக்கே போகவில்லை போலிருக்கிறது. நான் அவளுடைய கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினேன். வீட்டில் அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. மகள் மூலையில் ஒடுங்கி நின்றாள்.

"என் பெட்டிய யாரு எடுத்தது?" ஃபிட்டர் கத்தினார். கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. "இருபத்திரண்டு வருஷமா வெச்சிருக்கேன்! என்னை ஒரு வார்த்த கேக்காம என் சாமான எவ தொட்டா? என் கை மாதிரி அது! அடுத்தவங்க சாமானத் தொடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு ஒரு அறிவு வேணாம்?"

அவர் மூச்சு வாங்கும்வரை பேஸு பொறுமையாக நின்றாள். பிறகு பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அவர் பாய்ந்து வந்து திறந்தார். மைக்ரோமீட்டரை எடுத்துத் திருகிப் பார்த்தார். வெர்னியரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் குழியில் வைத்தார். எல்லாம் இருந்தது.

"நல்லவேளை" என்றார். "இத எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"மாத்தறதுக்குத்தான். இதக் குடுத்தா என் நாலு கம்பியத் திருப்பித் தரேன்னான் கடைக்காரன். கொக்கியிலேர்ந்து எடுக்கவே போனான். அக்காவக் கேளுங்க." அவள் குரல் உயரவே இல்லை. "திறந்து வெச்சுட்டேன். உங்க விரல் பட்டுத் தேஞ்ச இடம் தெரிஞ்சுது. எனக்குக் கை வரல."

ஃபிட்டர் மூடியைப் பிடித்தபடி நின்றார்.

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

நான் கேபிளை வாசலில் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அவர் ஏதாவது பதில் சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். என் கூரைதான் அவர்களுக்குத் தரை. விளக்கை அணைத்துப் படுக்கும்வரை மேலே எதுவும் கேட்கவில்லை.